சாவியை விடும்போது வந்த உதறல்: செல்ஃப் அடித்தும் பிடிக்காத ஒரு மாருதி 800

"செல்ஃப் நல்லா அடிக்குது தம்பி. பிடிக்கத்தான் மாட்டேங்குது."

இந்தப் பேச்சோடு வருகிற வண்டிகள் எனக்குப் புதிதல்ல. பெரும்பாலும் அரை மணி நேரத்தில் காரணம் தெரிந்துவிடும். பாயின்ட் கருகியிருக்கும், பம்ப்பின் டயாபிரம் கிழிந்திருக்கும், பிளக் ஒயர் கழன்றிருக்கும். இந்த வண்டி எனக்கு முக்கால் நாள் எடுத்தது. அதற்கு முன் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் நாலு நாள் நின்றிருந்தது. அங்கே ஆறு சாமான் மாற்றியிருந்தார்கள். கழற்றிய பழைய சாமான்களைப் பெரியவர் ஒரு மஞ்சப்பையில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். அதில் ஒன்றுகூடக் கெட்டுப்போன சாமான் இல்லை. இந்த வழக்கை முழுதாக எழுதிவைக்க வேண்டும் என்று அந்தப் பையைப் பார்த்தபோதுதான் தோன்றியது.

வண்டி 1991 மாடல் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், பாயின்ட் வைத்த டெல்கோ. டிஸ்ட்ரிப்யூட்டர் என்று புத்தகத்தில் இருப்பதைத்தான் எங்கள் தொழிலில் டெல்கோ என்கிறோம்: பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துப் பிரித்துக் கொடுப்பது அது. அதற்குள் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்தான் பாயின்ட். அது திறக்கும் கணத்தில், பேட்டரி மின்சாரத்தை உயர் வோல்டேஜாக மாற்றும் காயிலில் பொறி பிறக்கும். பெட்ரோல் பம்ப்பும் பழைய முறைதான்: கேம்ஷாஃப்ட் தட்டினால் டயாபிரம் அசைந்து பெட்ரோலை இழுக்கும். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 விற்பனைக்கு வந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்தினார்கள். முப்பது வருஷம் ஓடிய வண்டி என்பதால் இன்றைக்கும் சின்ன ஊர்களில்கூட சாமான் கிடைக்கிறது. அதில் ஒரு கேடும் இருக்கிறது. சாமான் சுலபமாகக் கிடைக்கும்போது, சோதித்துப் பார்ப்பதைவிட மாற்றிப் பார்ப்பதில்தான் கை போகும்.

வண்டிக்காரர் போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர். டிக்கியைத் திறந்தால் இன்னமும் ஏலக்காய் மணம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்து, இன்ஷூரன்ஸ் விடாமல் கட்டி, சொந்தக் கையால் துடைத்து வைத்திருக்கிற வண்டி. வீடு மேட்டுத் தெருவில். இந்த மேடு பின்னால் முக்கியமாக வரும்.

முன்கதை

கயிறு கட்டி இழுத்து வந்த வண்டியின் பானட்டை உடனே திறக்கவில்லை. பெரியவரையும் அவர் வீட்டு அம்மாவையும் உட்கார வைத்து, முதலில் என்ன நடந்தது, அப்புறம் என்ன நடந்தது என்று வரிசையாகக் கேட்டேன். இப்படிக் கேட்பதற்குக் கால் மணி நேரம் ஆகும். பலர் அதை வீண் என்று நினைக்கிறார்கள். இந்த வண்டியில் பழுதைக் காட்டிக்கொடுத்ததே அந்தக் கால் மணி நேரம்தான். அங்கேயே முழுசாகப் புரிந்துகொள்ளாமல் போனது என் தவறு, அதையும் சொல்கிறேன்.

ஒன்றரை மாதத்துக்கு முன் தொடங்கியிருக்கிறது. காலையில் சாவியைத் திருகினால் செல்ஃப் சுற்றும், பிடிக்காது. இரண்டாவது, மூன்றாவது தடவையில் பிடிக்கும். ஒருமுறை பிடித்துவிட்டால் நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. மலை ஏறுகிறது, வேகம் எடுக்கிறது, ஐடிலில் அணையவில்லை. பத்து நாளில் ஐந்தாறு தடவை திருக வேண்டியதாயிற்று. அப்புறம் பெரியவர் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். வீட்டுக்கு முன்னால் சரிவு இருக்கிறதே, சாவியைப் போட்டு, பிரேக்கை விட்டு, வண்டி உருண்டதும் இரண்டாவது கியரில் கிளட்சை விடுவார். "விட்ட உடனே பிடிச்சுக்கும் தம்பி, ஒரு தடவைகூட ஏமாத்தினது இல்ல" என்றார்.

அதன் பிறகு ஒர்க்‌ஷாப். அங்கே பெட்ரோலைத்தான் முதலில் சந்தேகித்திருக்கிறார்கள். அது நியாயமான சந்தேகமும்கூட. 2023 பிப்ரவரியிலிருந்து 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. பழைய வண்டிகளின் ரப்பர் டயாபிரமும் ஹோஸும் அந்தப் பெட்ரோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே பம்ப்பை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, கிட் போட்டிருக்கிறார்கள். பிடிக்கவில்லை. பிளக், பாயின்ட், பாயின்ட் கருகாமல் காக்கும் கண்டன்சர் மாற்றினார்கள். பிடிக்கவில்லை. காயிலை மாற்றினார்கள். கடைசியில் பையன்கள் இரண்டு பேர் தள்ளியிருக்கிறார்கள், சட்டென்று பிடித்துக்கொண்டது. காயில்தான் போயிருந்தது என்று சொல்லி வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். நாலாயிரத்துச் சொச்சம் பில்.

மறுநாள் காலை மறுபடியும் பழைய கதை. புது காயில் போட்ட வண்டி என்ற நம்பிக்கையில் பெரியவர் அன்றைக்குச் சரிவில் நிறுத்தவில்லை. பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்து, விட்டு விட்டு இருபது தடவைக்கு மேல் அடித்திருக்கிறார். பெட்ரோல் மணம் வீடு வரைக்கும் வந்ததாம். பிறகு தெருவே சேர்ந்து தள்ளியும் பிடிக்கவில்லை.

பேச்சு முடிகிற நேரத்தில் அந்த அம்மா சொன்னார்: "இவர் சாவிய விடுற நேரத்துல வண்டி லேசா ஒரு உதறு உதறும். பிடிக்கப் போகுதுன்னு நினைப்பேன், அதோட நின்னுரும். அந்த ஒர்க்‌ஷாப்புலயும் சொன்னேன், யாரும் காதுல வாங்கல."

நானும் அதை நோட்டில் எழுதிக்கொண்டேனே தவிர, அதன் முழு அர்த்தம் அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

முதல் சுற்று

செல்ஃப் சுற்றி இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் நாலு விஷயம்தான்: பெட்ரோல், பொறி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்), இந்த மூன்றும் சரியான நேரத்தில் சேர்வது. சரிவில் விட்டதும் பிடித்த வண்டி என்ற தகவல் இருந்ததால், ஒன்றரை மாதமாக இந்த நாலுமே சரியாக இருந்திருக்கின்றன என்று தெரிந்துவிட்டது. டைமிங் பெல்ட் பல் தாண்டியிருந்தால் தள்ளினாலும் இப்படிப் பிடிக்காது. கண்டன்சர் செத்திருந்தால் ஓடும்போதும் மிஸ் அடித்துத் தடுமாறும். ஆகவே கேள்வி சுருங்கியது: சக்கரம் இன்ஜினைச் சுற்றினால் பிடிக்கிறது, செல்ஃப் மோட்டார் சுற்றினால் பிடிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம்?

என் மனதில் உடனே வந்தது பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும்தான். பழைய மோட்டார் உள்ளே உரசினாலோ எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தாலோ, சுற்றும் நேரத்தில் வோல்டேஜ் மொத்தமும் அங்கே போய்விடும். காயிலுக்கு மிஞ்சுவது சொற்பம். பொறியின் சக்தி காயிலில் ஓடும் கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 12.6 வோல்ட் 9.6 ஆகக் குறைந்தால் சக்தி நாலில் ஒரு பங்கு குறைவதில்லை. கிட்டத்தட்ட 58 சதவீதத்துக்கு வந்துவிடும். ஈர பிளக்கைக் கொளுத்த அது போதாது. சரிவில் விடும்போது மோட்டாருக்கு வேலையே இல்லை, காயிலுக்கு முழு வோல்டேஜ். கதை அழகாகப் பொருந்தியது. அழகாகப் பொருந்தியதால்தான் முதலில் அதை அளந்து பார்த்தேன்.

அதற்கு முன் இன்ஜினைக் காயவைக்க வேண்டியிருந்தது. மூன்று பிளக்கையும் கழற்றினேன். மூன்றும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. ஆயில் கேஜை உருவி முகர்ந்தால் பெட்ரோல் வாடை. விரலில் தேய்த்தால் எண்ணெயின் பிசுபிசுப்பு இல்லை. கம்ப்ரஷன் பார்த்தேன்: 115, 110, 115 பி.எஸ்.ஐ. கொஞ்சம் குறைவுதான். பிளக் ஓட்டை வழியாக ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டுப் பார்த்ததும் மூன்றும் 150ஐத் தொட்டன. பிஸ்டன் ரிங் தேய்ந்ததால் வந்த குறைவு என்று சிலர் இங்கே முடிவு கட்டிவிடுவார்கள். மூன்றும் ஒரே அளவில் குறைந்து, மூன்றும் ஒரே அளவில் ஏறியதால் நான் அப்படி நினைக்கவில்லை. இருபது தடவை சோக் இழுத்து அடித்ததில் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் பூச்சைக் கழுவிவிட்டிருந்தது. தெருவே தள்ளியும் பிடிக்காததற்கும் அதுதான் காரணம்: நனைந்த பிளக், கழுவிய சுவர். அது மூலப் பழுது அல்ல, மூலப் பழுதின் மேல் நாமே ஏற்றிவைத்த இரண்டாவது பழுது. இதைப் பிரித்துப் பார்க்காமல் இருந்திருந்தால் நானும் இன்ஜினைக் கழற்றியிருப்பேன்.

எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றினேன். பெட்ரோல் கலந்த எண்ணெயோடு ஓட்டினால் பேரிங் போய்விடும். பிளக்கை உலர்த்தி, இடைவெளி பார்த்து, ஓரமாக வைத்தேன்.

பெட்ரோல் பக்கம் அதிக நேரம் செலவிடவில்லை. பம்ப்பின் வெளிவாய் ஹோஸைப் பாட்டிலுக்குள் விட்டுச் சுற்றினால் துடித்துத் துடித்து வந்தது. பிளக்கே நனைந்திருக்கிற வண்டியில் பெட்ரோல் வரவில்லை என்று தேடுவது வீண்.

பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது 10.4. எர்த் பக்கம் பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் பிளாக் வரை இழப்பு கால் வோல்ட்டுக்கும் கீழே. சுற்றும் நேரத்தில் 9.6க்குக் கீழே போனால்தான் கவலைப்பட வேண்டும். ஆக, என் அழகான கதை அந்த இடத்தில் முடிந்துபோனது.

பொறி எத்தனை?

அடுத்து டெல்கோ. பாயின்ட் இடைவெளி 0.45 மில்லிமீட்டர், 0.4 முதல் 0.5 வரை இருக்கலாம். ரோட்டாரில் விரிசல் இல்லை, மூடியில் கரிக்கோடு இல்லை. சாவியை ஆன் நிலையில் வைத்து, காயில் ஒயரை பிளாக்குக்குப் பக்கத்தில் பிடித்து, ஸ்க்ரூ டிரைவரால் பாயின்ட்டைத் தட்டித் திறந்தேன். "டக்" என்று நீலப் பொறி, ஆறேழு மில்லிமீட்டர் தாண்டியது. இதைவிட நல்ல பொறியை இந்த வண்டியில் எதிர்பார்க்க முடியாது. முன்னால் பார்த்த மெக்கானிக்கும் இதைத்தான் பார்த்திருப்பார். "கரண்ட் நல்லா வருது" என்று பெட்ரோல் பக்கம் போனதில் ஆச்சரியமே இல்லை.

பிறகு ஒரு பிளக்கை அதன் ஒயரில் மாட்டி, பிளாக்கில் நன்றாக எர்த் படும்படி வைத்து, சுற்றிலும் பெட்ரோல் துணி எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பெரியவரை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். ஐந்து விநாடி சுற்றினார். விட்டார். பிளக்கில் ஒரு பொறி வந்தது.

"வருதா தம்பி?" என்றார் உள்ளேயிருந்து.

வருகிறது என்று சொல்ல வாய் திறந்தவன் நிறுத்திக்கொண்டேன். ஒன்றா? செல்ஃப் மோட்டார் இன்ஜினை நிமிஷத்துக்கு ஏறக்குறைய 200 சுற்று சுற்றுகிறது. டெல்கோ அதில் பாதி, 100 சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரு பிளக்கில் ஒரு பொறி. அப்படியென்றால் அந்த ஒரு பிளக்கிலேயே ஐந்து விநாடியில் எட்டுப் பொறி வந்திருக்க வேண்டும். வந்தது ஒன்று. அதுவும் மோட்டார் சத்தம் அடங்குகிற நேரத்தில், அதாவது அவர் சாவியை விட்ட பிறகு.

மறுபடி அடிக்கச் சொன்னேன். பிளக்கைப் பார்த்தபடியே காதையும் மோட்டாரில் வைத்திருந்தேன். சுற்றும்போது எதுவும் இல்லை. விட்டதும் ஒன்று. மூன்றாவது தடவை சுற்றத் தொடங்கும் கணத்தில் மங்கலாக ஒன்று, நடுவில் எதுவும் இல்லை, விடும்போது ஒன்று.

அம்மா சொன்ன உதறல் அதுதான். நோட்டில் எழுதியிருந்த வரி அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. சாவியை விட்ட கணத்தில் காயிலுக்கு மின்சாரம் திரும்ப வருகிறது, இன்ஜின் இன்னும் அரைச் சுற்று, ஒரு சுற்று தன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது, பாயின்ட் ஒருமுறை திறக்கிறது, ஒரு பொறி, ஒரு சிலிண்டர் கொளுத்துகிறது, அந்த ஒரு தள்ளல் போதாமல் இன்ஜின் நின்றுவிடுகிறது.

பல்பு அணைந்த இடம்

டெஸ்ட் லாம்ப்பின் கிளிப்பை எர்த்தில் மாட்டி, முனையைக் காயிலின் பாசிட்டிவில் வைத்தேன். சாவி ஆன்: பல்பு பளிச்சென்று எரிந்தது. "அடிங்க ஐயா" என்றேன். செல்ஃப் சுற்றியது, பல்பு அணைந்தது. மங்கவில்லை, முழுசாக அணைந்தது. சாவியை விட்டார், மறுபடி எரிந்தது. அருகில் நின்ற என் பையன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். மீட்டரை வைத்து எண்ணும் எடுத்தேன்: ஆன் நிலையில் 12.3 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது பூஜ்யம்.

சாவி சுவிட்ச் நாலு நிலை கொண்டது: பூட்டு, அக்சஸரி, ஆன், ஸ்டார்ட். ஸ்டார்ட் நிலைக்குத் திருகும்போது செல்ஃப் சோலனாய்டுக்கு (மோட்டாருக்குப் பேட்டரி மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த சுவிட்சுக்கு) மின்சாரம் போவதோடு, இக்னிஷனுக்குப் போகும் மின்சாரமும் விடாமல் தொடர வேண்டும். ரேடியோ, வைப்பர் போன்றவை அந்த நேரத்தில் நின்றுவிடுவது பல வண்டிகளில் இயல்பு. மோட்டாருக்காக அவற்றை விலக்கி வைக்கிறார்கள். காயிலை விலக்கக் கூடாது. இந்த வண்டியில் சாவியைக் கடைசிவரை திருகினால் காயிலும் விலகிப்போனது.

உறுதி செய்ய இரண்டு சோதனை. முதலாவது: சாவியை ஆன் நிலையிலேயே விட்டு, கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து சோலனாய்டின் சின்ன முனைக்கு ஒரு ஒயரால் தொட்டேன். பிளக்கெல்லாம் மாட்டியிருந்தேன். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அணைத்தேன். இரண்டாவது: பேட்டரியிலிருந்து காயில் பாசிட்டிவுக்கு ஃபியூஸ் வைத்த தனி ஒயர் கொடுத்து, பெரியவரைச் சாவியால் வழக்கம்போல் அடிக்கச் சொன்னேன். பிடித்தது. முதல் சோதனையில் ஸ்டார்ட் நிலையைத் தவிர்த்தோம், ஓடியது. இரண்டாவதில் ஸ்டார்ட் நிலையில் சாவி தர மறுத்ததை நாம் கொடுத்தோம், அதிலும் ஓடியது. இனி சந்தேகத்துக்கு இடமில்லை.

இந்தத் தனி ஒயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை அவசியம். அதை மாட்டியிருக்கும்வரை சாவியை அணைத்தாலும் இன்ஜின் அணையாது. ஒயரைப் பிடுங்கினால்தான் அணையும். இன்ஜின் நின்ற பிறகும் அதை அப்படியே விட்டு, பாயின்ட் மூடிய நிலையில் இருந்தால், காயில் கொதித்துப் போய்விடும். சோதனைக்கு மட்டும் மாட்டலாம், அதோடு வண்டியை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. சாவிக்கு அடங்காத வண்டியை ரோட்டில் விடுவது குற்றம் என்றே நினைக்கிறேன்.

சுவிட்சுக்குள்ளே

ஸ்டியரிங் தண்டின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, சாவி சுவிட்சின் ஒயர்கள் சேரும் கப்ளரை உருவினேன். கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர்தான் இக்னிஷனுக்குப் போவது. அதன் முனை பழுப்பேறி, கப்ளரின் வெள்ளை பிளாஸ்டிக்கே அந்த ஒரு இடத்தில் டீக்கறை போல நிறம் மாறியிருந்தது. பூட்டு வேறு, மின் சுவிட்ச் வேறு. பூட்டைத் தொடாமல் பின்னால் இருக்கும் சுவிட்சை மட்டும் கழற்றலாம்.

திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு வட்டப் பித்தளைத் தகடு, அதன்மேல் ஸ்பிரிங் வைத்து அழுத்தும் ஒரு சின்ன முட்டு. கிரீஸ் காய்ந்து கறுப்பாக, நகத்தால் சுரண்டினால் மெழுகு போல் வந்தது. தகட்டின் ஆன் பகுதி தேய்ந்து பளபளவென்று இருந்தது. ஆனில் இருந்து ஸ்டார்ட்டுக்குப் போகிற கடைசி ஒன்றரை மில்லிமீட்டரில் ஒரு சிறு பள்ளம், கருகிய ஓரம், அதற்குப் பக்கத்தில் உருகி எழும்பிய பிளாஸ்டிக் மேடு. கடைசிவரை திருகும்போது முட்டு அந்த மேட்டில் ஏறி, தகட்டை விட்டு எழும்பிவிடும். கண்ணுக்குக் கடுகளவு, இன்ஜினை நிறுத்த அது போதும்.

இதோடு இன்னொரு புதிரும் தீர்ந்தது. ஆரம்பத்தில் ஏன் இரண்டாவது மூன்றாவது தடவையில் பிடித்தது? சாவியை மெதுவாக, மோட்டார் சுற்றத் தொடங்கும் அளவுக்கு மட்டும் திருகினால் முட்டு இன்னும் தகட்டில்தான் இருக்கும். பிடிக்கவில்லையே என்று அழுத்தித் திருகத் திருக, முட்டு மேட்டில் ஏறிவிடும். மனிதக் கை எப்போதும் அழுத்தித்தான் திருகும். பெரியவர் எவ்வளவு கவலைப்பட்டாரோ அவ்வளவு கெட்டியாகத் திருகியிருப்பார். அவ்வளவுக்கு வண்டி பிடிக்காமல் போயிருக்கும்.

அந்த இடத்தில் ஏன் கருகியது? இந்த வண்டியில் சோலனாய்டை இழுக்கும் மின்சாரம் முழுதும் சாவி சுவிட்ச் வழியாகவே போகிறது. பத்து ஆம்பியரைச் சுலபமாகத் தாண்டுகிற கரண்ட். முப்பது வருஷத்துக்கு மேல், நாளுக்கு நாலைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் பொறி அந்தச் சுவிட்சுக்குள் எரிந்து அணைந்திருக்கிறது.

ஐந்நூறு ரூபாய்க்குள் புது சுவிட்ச் கிடைத்தது. அதை மாட்டியதோடு நிற்காமல், சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் நாலு முனை 30 ஆம்பியர் ரிலே ஒன்றையும் சேர்த்தேன். சுவிட்சிலிருந்து வரும் ஸ்டார்ட் ஒயர் ரிலேயின் 86க்கு, 85 எர்த்துக்கு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30க்கு, 87லிருந்து சோலனாய்டுக்கு. இனி சாவி சுமப்பது ரிலேயின் சுருள் எடுக்கும் கால் ஆம்பியருக்கும் குறைவானதை மட்டும். கருகிய கப்ளர் முனையை வெட்டிப் புது முனை வைத்தேன். மாட்டிய பிறகு செல்ஃப் அடிக்கும்போது காயில் பாசிட்டிவில் 9.9 வோல்ட், அதே நேரம் பேட்டரியில் 10.4. அரை வோல்ட் இழப்பு, இந்த வயதில் ஏற்கத்தக்கது.

கருவியே இல்லாமல் பார்த்திருக்கலாம்

இதை எழுத எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த ஆய்விலேயே மிகவும் பயனுள்ள பகுதி இதுதான். சுவிட்சை மாற்றுவதற்கு முன், பழையதை ஒருமுறை மாட்டி, டிரைவர் சீட்டில் நானே உட்கார்ந்து அடித்துப் பார்த்தேன். சாவி ஆன்: டேஷ்போர்டில் பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் சிவப்பாக எரிந்தன. ஸ்டார்ட்: இரண்டும் ஒன்றாக அணைந்தன. புது சுவிட்சில் அதே சோதனை: சுற்றும்போது பேட்டரி விளக்கு கொஞ்சம் மங்கியது, அணையவில்லை. இந்த வண்டியில் அந்த விளக்குகளும் காயிலும் ஒரே இக்னிஷன் வழியில்தான் மின்சாரம் பெறுகின்றன. ஒன்றரை மாதமாக டேஷ்போர்டு பெரியவரின் கண் முன்னாலேயே பழுதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது செல்ஃப் அடித்தும் பிடிக்காத எந்த வண்டி வந்தாலும், பானட்டைத் திறக்கும் முன் நான் முதலில் பார்ப்பது அந்த விளக்கைத்தான். இன்ஜெக்ஷன் வண்டியிலும் இது உதவும். அங்கே இந்தப் பழுது வந்தால் காயிலோடு கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்ப் ரிலேக்கும் சேர்த்து மின்சாரம் நின்றுவிடும். சில வண்டிகளில் விளக்குக்கும் இக்னிஷனுக்கும் தனித்தனி வழி உண்டு. அதனால் விளக்கு அணைவது ஒரு துப்பு மட்டுமே. மீட்டர் வைத்து உறுதிசெய்ய வேண்டும்.

இதற்கு நேர் எதிரான பழுது ஒன்றும் இருக்கிறது. பெலாஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் தடை) வைத்த பழைய வண்டிகளில், செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்கு ரெசிஸ்டரைத் தாண்டி நேரடியாக மின்சாரம் போகும். சாவியை விட்டதும் ரெசிஸ்டர் வழியாகப் போகும். ரெசிஸ்டர் அறுந்திருந்தால் வண்டி சாவியைப் பிடித்திருக்கும்வரை ஓடும், விட்டதும் அணையும். சாவியைப் பிடிக்கும்போது உயிர், விடும்போது சாவு என்றால் அந்த ரெசிஸ்டரைப் பார்க்க வேண்டும். இந்த மாருதியைப் போல் விடும்போது உயிர் வந்தால் சாவி சுவிட்சைப் பார்க்க வேண்டும். வண்டிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "உதறல் எப்ப வருது? சாவியப் பிடிச்சிருக்கும்போதா, விடும்போதா?"

முன்னால் பார்த்த மெக்கானிக்கைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அவர் தனியாக வேலை செய்திருக்கிறார். தனியாக நிற்கிறவர் பாயின்ட்டை ஸ்க்ரூ டிரைவரால் தட்டித்தான் பொறி பார்ப்பார். அப்போது சாவி ஆன் நிலையில் இருக்கும். அந்த நிலையில் இந்த வண்டிக்கு ஒரு நோயும் இல்லை. ஒயரால் சோலனாய்டைத் தொட்டுச் சுற்றியிருந்தாலும் பிடித்திருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது. நோய் இருந்தது சாவியை ஒரு கை திருகிப் பிடித்திருக்கும் அந்த மூன்று நாலு விநாடியில் மட்டும். அந்த விநாடிகளில் மீட்டரைக் காயிலில் வைக்க இன்னொரு ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் நீளமான இரண்டு ஒயர் கட்டி மீட்டரை டிரைவர் சீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். என் பெட்டியில் இப்போது மூன்று மீட்டர் நீளத்தில் அப்படி ஒரு ஜோடி இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து எண்ணெய் பார்க்க வண்டி வந்தது. கம்ப்ரஷன் எண்ணெய் விடாமலேயே 155, 150, 155. பிளக் மூன்றும் காய்ந்து, பிஸ்கட் நிறத்தில் இருந்தன. செல்ஃப் அடித்த உடனே பிடிக்கிறது என்றார். மஞ்சப்பையில் இருந்த பழைய காயிலை இப்போது டிக்கியில் உபரியாக வைத்துக்கொண்டிருக்கிறார், 3.1 ஓம் காட்டுகிற, நன்றாக இருக்கிற காயில் அது. டெல்கோ தண்டில் லேசான ஆட்டம் தெரிகிறது. பாயின்ட் இடைவெளியை அது இன்னும் மாற்றவில்லை. அடுத்த சர்வீஸில் புஷ் மாற்றலாம் என்று நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன்.